கமராவுக்குக் கத்துற பெட்டி

– நான் இதைக் காரிலை பூட்டமாட்டன் அண்ணி. பெட்டியை அப்பிடியே மூடித் தபாலிலை திருப்பி அனுப்புங்கோ.

– ஜெராட், நான் உன்னட்டைப் புத்தி கேக்கேல்லை. வந்து ஒருக்காப் பூட்டித் தா எண்டுதான் கேட்டனான்.

– அதைத்தான் ஏலாது எண்டுறன்.

– கண்ணாடியிலை ஒட்டுறதும், சிகரெற் லைற்றர் ஓட்டைக்குள்ளை வயரைக் குத்துறதும். ரெண்டு நிமிச வேலை. நீ காருக்குள்ளை ஏறி அரை மணித்தியாலம் ஆச்சு. ஹீற்றர் ஓடுது, பெற்றோல் எரியுது, நீ இன்னும் பிரசங்கம் வைக்கிறாய்.

– ரெண்டு நிமிச வேலையெண்டா நீங்களே பூட்டலாம்தானே?

– பூட்டினனான். இண்டைக்குக் காலமை வேலைக்குப் போகேக்கை ரெண்டு தரம் கழண்டு மடியிலை விழுந்தது. ரெண்டாந்தரம் ரவுண்டபௌற்றுக்கு நடுவிலை.

– பாத்தியளோ, அதுக்காவது புத்தி இருக்கு.

– உன்ரை பகிடியை டொலறஸிட்டைப் போய்ச் சொல்லு. கட்டின பாவத்துக்கு அவ சிரிப்பா.

– அண்ணை இருந்தா உங்களுக்கு நான் சொல்றதைத்தான் சொல்லியிருப்பார்.

– உன்ரை அண்ணை இருந்தா நான் உன்னைக் கேட்டிருக்கவே மாட்டன். எட்டு மாசமா வீட்டிலை ஒரு பல்ப் எரிஞ்சாலும் உனக்குத்தான் போன் அடிக்கவேண்டிக் கிடக்கு. எனக்கென்ன ஆசையோ?

– பல்ப் எத்தினை வேணுமெண்டாலும் மாத்தித் தாறன். பொயிலர் பாக்கிறன். கார்டன் வேலியும் அடிச்சுத் தாறன். இது மட்டும் வேண்டாம். சத்தியமாச் சொல்றன் அண்ணி, லண்டனுக்குள்ளை ஓடுற ஒரு சாதாரண மனிசருக்கு இதாலை ஒரு சதத்துக்குப் பிரயோசனம் இல்லை.

– ஆர் சொல்றது?

– நான்தான் சொல்றன்.

– நீ. எங்கடை கோயில் பங்கிலை ஆறு காருக்கு இதே பெட்டியைப் பூட்டி விட்டவர் ஆர்? பூசை முடிஞ்சு சனம் வெளியாலை வர, கோயில் வாசல்லை நிண்டு, ராடார் வாங்குங்கோ ராடார் வாங்குங்கோ எண்டு வேதம் படிப்பிச்சவர் ஆர்? பங்குச் சுவாமியின்ரை காரையாவது விட்டனியோ?

– சுவாமி பேந்து கழட்டிப் போட்டார்.

– ஏனாம்?

– ஒரு செத்தவீட்டுக்குப் போகேக்கை, சவப்பெட்டிக் காருக்குப் பின்னாலை பத்து மைலிலை போய்க்கொண்டு இருந்தவராம். அது கத்தத் தொடங்கினது சேமக்காலை வரைக்கும் நிப்பாட்டேல்லையாம். ஜன்னலும் திறந்து கிடந்ததாம். செத்தவற்றை மனிசி திரும்பித் திரும்பிப் பாத்தவவாம்.

– சிரிக்காதை.

– நீங்கள்தான் சிரிக்கிறியள்.

– நான் சிரிக்கேல்லை. சவப்பெட்டிக் காரிலை கமரா வைச்சிருந்தவங்களோ?

– அதைத்தான் சொல்ல வாறன், கேளுங்கோவன். இப்ப வாற புதுக் கார் எல்லாத்திலையும், பக்கத்திலை வாகனம் வருதோ எண்டு பாக்கிற சென்சர் இருக்கு. அதுவும் ராடார்தான். இதுக்கு அது வேறை, பொலிஸ் கமரா வேறை எண்டு தெரியாது. சுப்பர்மாக்கெற் கதவு தானாத் திறக்குதெல்லே? அதுக்கும் கத்தும். வெம்பிளிக் கடைத்தெருவாலை ஒருக்கா வந்தியளெண்டா, காது செவிடாப் போம்.

– அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. சிற்றி எண்டு எழுதியிருக்கு. அதை அமத்தினா கடைக் கதவுக்குக் கத்தாது. புத்தகத்திலை பதினாலாம் பக்கம்.

– புத்தகத்தை வாசிச்சனீங்களோ?

– மூண்டு தரம். நீ ஆறு பேருக்குப் பூட்டினாய், ஒருதரமாவது வாசிச்சனியோ?

– ஆர் அண்ணி உதை வாசிக்கிறது? சரி, அந்தப் பட்டனை அமத்துங்கோ. கடைக் கதவோடை சேத்து உண்மையான கமராவிலை பாதியையும் விட்டிடும். அமத்தாட்டி விசர் பிடிக்கும், அமத்தினா உதவாது. இன்னொண்டு கேளுங்கோ. இப்ப பெரிய ரோட்டுகளிலை மஞ்சள் கம்பத்திலை நிக்கிறதெல்லாம் என்ன கமரா தெரியுமோ? ஒரு இடத்திலை நம்பர் பிளேற்றைப் படம் எடுக்கும். ரெண்டு மைல் தள்ளி இன்னொருக்கா எடுக்கும். இடையிலை எத்தினை நிமிசம் எண்டு பாத்துத்தான் ஆளைப் பிடிக்கும். அதிலை ராடாரே இல்லை. இல்லாத சாமானை இது எப்பிடி மணந்து பிடிக்கிறது?

– சரி.

– என்ன சரி?

– நீ சொல்றது விளங்குது எண்டுறன். இப்ப பூட்டு.

– ஐயோ மாதாவே! நான் இவ்வளவு நேரமும் ஆரோடை கதைச்சனான்?

– கத்தாதை. பக்கத்து வீட்டு மனிசி ஜன்னலாலை பாக்கிறா. நாங்கள் இரண்டு பேரும் கார் களவெடுக்க வந்திருக்கிறம் எண்டு நினைக்கப்போறா.

– உங்களுக்கு என்னத்துக்கு அண்ணி இது? நீங்கள் ஓடுறதுக்கு? அண்ணை உங்களுக்கு வைச்ச பேர் என்ன? ஆமை. பென்சன் எடுத்த வெள்ளைக்காரக் கிழவியளே உங்களை முந்திக்கொண்டு போவினம். பிரீத்தாவின்ரை கலியாணத்துக்கு விம்பிள்டனுக்கு நீங்கள் ஓடிக்கொண்டு வந்து, மாப்பிளை தாலி கட்டினாப் பிறகு நாங்கள் போய்ச் சேந்தது மறந்து போச்சோ?

– எனக்கு ஒன்பது பொயின்ற்ஸ்.

– என்ன?

– லைசென்ஸிலை. ஒன்பது. இன்னும் மூண்டு விழுந்தா ஆறு மாசத்துக்குக் கார் தொட ஏலாது.

– உங்களுக்கோ?

– பின்னை ஆருக்கு? பக்கத்து வீட்டு மனிசிக்கோ?

– உங்கடை மகள் பெனிற்றா, அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது எண்டுதான் எனக்குச் சொன்னவள்.

– அவளுக்கு நான் ஒண்டைத்தான் காட்டினனான். மற்ற ரெண்டையும் காட்டியிருந்தா, மான்செஸ்டரிலை இருந்து ரெயின் எடுத்து வந்து சாவியைப் பறிச்சுக்கொண்டு போயிருப்பாள். நீயும் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு.

– ஆமை எப்பிடி அண்ணி ஒன்பது எடுத்தது?

– ஆமைக்கும் வயசு போகப் போக அவசரம் வரும்.

– பகிடி விடாதேங்கோ. லைசென்ஸ் போனா உங்கடை வேலை?

– அதைத்தான் நான் நீ வந்த நேரம் தொட்டுச் சொல்ல நினைக்கிறன், நீ எங்கை விட்டனீ? காலமை ஆறரைக்கு சிங்ஃபோர்ட்டிலை ஒரு மனிசியைக் கட்டிலாலை எழுப்பவேணும். அவவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. ஏழரைக்கு லேற்றனிலை ஒரு கிழவர். எட்டே காலுக்குத் திரும்ப இஞ்சாலை. பஸ்ஸிலை போனா முதல் ஆள் எழும்பேக்கை மூண்டாவது ஆளின்ரை மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்திடும். கார் இல்லையெண்டா ஏஜென்சி வேலை தராது. ஐம்பத்தொன்பது வயசிலை என்னை இனி ஆர் எடுக்கிறது? வேலையும் இல்லையெண்டா அந்த வீட்டுக்குள்ளை நான் விடிய விடிய என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறது, சொல்லு பாப்பம்?

– அதுக்கு வழி பெட்டி இல்லை அண்ணி. மெதுவா ஓடுறது. இந்தப் பக்கம் கனக்க ரோட்டு இருபது மைல்தானே? இருபதிலை போங்கோ. ஒரு கமராவும் உங்களைத் திரும்பிப் பாக்காது.

– இவ்வளவு காலமும் நான் அப்பிடித்தான் போனனான். எல்லாரும் ஹோர்ன் அடிச்சவை.

– அடிக்கட்டும். போனிலை வழி காட்டுற மப் கூட, கமரா வருது எண்டு சொல்லும். காசில்லாமல் சொல்லும். நான் இப்ப உங்கடை போனிலை போட்டு விடுறன். தாங்கோ.

– போனை விடு. எனக்கு இதுதான் வேணும். உன்ரை அண்ணன்ரை காரிலை நீ பூட்டினதும் இதுதானே? இதே கொம்பனி.

– இதேதான்.

– அப்ப அது நல்ல சாமான். நீதானே அவருக்குச் சொன்னனீ, இந்தப் பெட்டி இருக்கிற வரைக்கும் உங்கடை லைசென்ஸிலை ஒரு இலையான்கூட வந்து இருக்காது எண்டு.

– சொன்னனான்.

– அது எங்கை இப்ப?

– எது?

– பழைய பெட்டி. இந்தக் கண்ணாடியிலை இருந்தது. ரப்பர் ஒட்டியிருந்த வட்டம் இன்னும் கிடக்குது பார். நானும் எவ்வளவோ துடைச்சுப் பாத்திட்டன், போகேல்லை.

– அது பழுதாப் போச்சு.

– எப்ப?

– உங்களுக்கு ஏன் அண்ணி அந்தக் கதை?

– அவரை அடக்கம் பண்ணின மற்ற நாள். நான் முன் அறையிலை சனத்தோடை இருந்தனான். நீ வந்து கொழுவியிலை இருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியிலை போனனீ. ஆரையோ ஸ்ரேசனிலை இருந்து ஏத்தப் போறாய் எண்டு நினைச்சனான். நீ ஒரு இடமும் போகேல்லை. கதவைத் திறந்தாய், கழட்டினாய், ஜக்கெற்றுக்குள்ளை வைச்சாய். ஜன்னலாலை பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.

– பழுதெண்டபடியாக் கழட்டினனான்.

– செத்தவீட்டுக்குள்ளை ஒரு மனிசனுக்குப் பழுது பாக்கிற யோசனை வந்ததோ? சரி, கழட்டினாய். அது எங்கை?

– எறிஞ்சிட்டன்.

– எங்கை எறிஞ்சனீ?

– லீ ஆத்துக்குள்ளை.

– பழுதாப் போன சாமானைக் குப்பை வாளிக்குள்ளை போடுறது. கவுன்சில் குப்பைமேட்டிலை கொண்டுபோய்க் குடுக்கிறது. ஆத்துக்குள்ளை ஆர் எறிவினம்?

– அண்ணி, டொலறஸ் போன் எடுக்கிறா. பாருங்கோ, அடிக்குது.

– எடு.

– வேண்டாம். எடுத்தா, இன்னும் அங்கையோ நிக்கிறாய் எண்டு பேச்சு விழும். அந்தக் கடிதங்களைக் காட்டுங்கோ.

– எந்தக் கடிதம்?

– பொயின்ற்ஸ் கடிதம். எந்தக் கமரா பிடிச்சது எண்டு பாத்தாத்தானே, இந்தப் பெட்டி பிடிக்கிற வகையோ இல்லையோ எண்டு சொல்லலாம். பிடிக்கிற வகையெண்டா, சரி, பூட்டித் தாறன்.

– மெய்யாவோ?

– மெய்யா. எங்கை இருக்குது?

– உனக்கு முன்னாலை, அந்த லாச்சிக்குள்ளை. மண்ணிறக் கவர். பேப்பரைக் கசக்காதை.

– அக்டோபர் பதினாலு. முப்பது மைல் ரோட்டிலை நாப்பத்தஞ்சு. அண்ணி! நாப்பத்தஞ்சோ? இந்தக் கார் நாப்பத்தஞ்சிலை போகுமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?

– வாசி.

– டிசம்பர் ரெண்டு. நாப்பத்தாறு. ஜனவரி இருபது. நாப்பத்தெட்டு. இன்னும் ரெண்டு மைல் கூடியிருந்தா கோட்டுக்கெல்லே இழுத்திருப்பாங்கள்! உங்களுக்கு என்ன நடந்தது? நித்திரையோ? குளிசை ஏதும் மாறிப் போட்டனீங்களோ?

– ஒரு குளிசையும் போடேல்லை.

– இது மூண்டும் ஒரே கமரா.

– ஓம்.

– மூண்டும் ஒரே ரோட்டு. பள்ளிக்கூடத்துக்கு முன்னாலை நிக்கிற அந்தப் பழைய மஞ்சள் பெட்டி. ரோட்டிலை வெள்ளைக் கோடு போட்டு, அரை மைலுக்கு முன்னமே பலகை அடிச்சு வைச்சிருக்கிறாங்கள், கமரா இருக்கு கமரா இருக்கு எண்டு. கண் தெரியாத உங்கடை சிங்ஃபோர்ட் மனிசிகூட அதிலை மெதுவாத்தான் போவா.

– எனக்கும் தெரியும் அது அதிலை நிக்குது எண்டு.

– தெரியுமோ?

– முதல் தரமே தெரியும்.

– தெரிஞ்சுகொண்டு நாப்பத்தஞ்சிலை போனா, பேந்து என்ன இழவுக்கு அண்ணி உங்களுக்குப் பெட்டி? தெரியாத கமராவைக் காட்டத்தானே இது? தெரிஞ்ச கமராவுக்கு முன்னாலை பறந்துபோட்டு, கத்துறதுக்கு ஒரு சாமான் வாங்குறியளோ? எனக்கு விசர் பிடிக்கப் போகுது. உங்கடை மூண்டு வீட்டிலை ஒண்டாவது அந்தப் பக்கம் இருக்கோ?

– இல்லை.

– பின்னை அங்கை என்ன வேலை உங்களுக்கு? அந்த ரோட்டாலை போனா ஆஸ்பத்திரிக்குத்தானே...

– ஏன் நிப்பாட்டிப் போட்டாய்?

– மூண்டும் செவ்வாய்க்கிழமை.

– ஓம்.

– பதினொண்டு பதினாறு. பதினொண்டு பதினஞ்சு. இதுவும் பதினொண்டேகாலுக்குக் கிட்ட.

– இப்ப பூட்டுறியோ, இல்லையோ? அந்தக் கமரா இது பிடிக்கிற வகைதான். பூட்டுறன் எண்டு வாக்குத் தந்தனீ.

– ஏலாது அண்ணி.

– ஏன் ஏலாது? மெல்லச் சொன்னா உனக்குக் காதிலை ஏறாதோ? நீ உன்ரை காருக்குப் பூட்டினாய், ஊருக்குப் பூட்டினாய், எனக்கு மட்டும் ஏலாதோ? ஒரு காரணம் சொல்லு. கதவு, சென்சர், நம்பர் பிளேற், ஒண்டும் வேண்டாம். உண்மையான காரணம் ஒண்டு சொல்லு.

– அண்டைக்கு அந்தப் பழைய பெட்டி கத்தினது.

– எண்டைக்கு?

– அந்தச் செவ்வாய்க்கிழமை, அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கை. நானும் அவரும் மண்டபத்திலை அந்தோனியார் திருநாளுக்குக் கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டனாங்கள். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டார். வாய்வு எண்டார். இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ தாடா எண்டார். அம்புலன்ஸுக்கு அடிக்கப் போனா, ஒரு வாய்வுக்கு அம்புலன்ஸோ, சனம் சிரிக்கும் எண்டு போனைப் பறிச்சுப்போட்டார். நானும் கேட்டன் அண்ணி. பிளேன்ரீ ஊத்திக் குடுத்தனான். குடிச்சு முடியத்தான் ஆள் வேர்த்து வேர்த்து ஊத்துறதைப் பாத்தன். இந்தக் காரின்ரை பின் சீற்றிலை ஏத்தினன். உங்களுக்கு அடிச்சுச் சொன்னன்.

– பதினொண்டு ஆறுக்கு.

– வெளிக்கிட்டு முதல் சந்தி தாண்ட முதல் இது கத்தினது. என்ரை கால் தானாப் பிரேக்கிலை போச்சுது. எனக்கு அப்ப வான் ஓடுற வேலை, இன்னொரு கடிதம் வந்தா லைசென்ஸ் போற நிலைமை. கத்துது, பிரேக் அடிக்கிறன். கத்துது, அடிக்கிறன். சுப்பர்மாக்கெற் வாசல்லை கத்தினது. அங்கை கமரா இல்லை. இல்லையெண்டு எனக்கு நல்லாத் தெரியும். கடைக் கதவுக்குத்தான் கத்துது எண்டு தெரிஞ்சுகொண்டும் அடிச்சனான். அண்ணை பின்னாலை இருந்து, வந்திட்டமோடா எண்டு கேட்டவர். இந்தா வந்திட்டம் அண்ணை எண்டனான். எட்டுத் தரம் அண்ணி. எட்டுத் தரம் பிரேக் அடிச்சனான்.

– மூக்கைத் துடை. ரிசுப் பேப்பர் அந்தக் கதவிலை கிடக்கு.

– ஆஸ்பத்திரியிலை அவங்கள் சொன்னவங்கள், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா எண்டு. அவ்வளவுதான் சொன்னவங்கள். நான் உங்களுக்கு அதைச் சொல்லேல்லை.

– எனக்கும் சொன்னவங்கள்.

– உங்களுக்கோ?

– அதே வசனம். நீ கன்ரீனுக்குத் தண்ணி எடுக்கப் போன நேரம். ஆஸ்பத்திரிப் பேப்பரிலை நீங்கள் வந்து சேந்த நேரமும் இருந்தது. பதினொண்டு இருபத்தேழு. என்ரை போனிலை நீ எடுத்தது பதினொண்டு ஆறு. இருபத்தொரு நிமிசம். செத்தவீட்டிலை சனம் வந்து கையைப் பிடிக்கப் பிடிக்க, இந்த மூண்டு மைலுக்கு ஏன் இருபத்தொரு நிமிசம் எண்டுதான் எனக்குள்ளை ஓடினது. பேந்து நீ சாவியை எடுத்துக்கொண்டு போறதைக் கண்டனான். ஒட்டியிருந்த பெட்டியைக் கழட்டுறதைக் கண்டனான்.

– எட்டு மாசமாத் தெரியுமோ?

– எட்டு மாசமா.

– தெரிஞ்சுகொண்டோ எனக்குச் சோறு போட்டனீங்கள்? பல்ப் மாத்தக் கூப்பிட்டனீங்கள்?

– பல்ப் எரிஞ்சது, கூப்பிட்டனான்.

– அப்ப அந்தச் செவ்வாய்க்கிழமையள்...

– மண்டபத்து வாசல்லை நிண்டு, பதினொண்டு ஆறுக்கு ஸ்ராட் பண்ணுவன். ஒரு பிரேக்கும் அநாவசியமா அடிக்கிறேல்லை. முதல் தரம் கமராவுக்கு முன்னாலை மிதிச்சும், குப்பை லொறிக்குப் பின்னாலை மாட்டி இருபத்துநாலு நிமிசம். ரெண்டாந்தரமும் கமரா பறவாயில்லை எண்டு மிதிச்சன். அடுத்த சிவப்பு லைற்றிலை, நான் முந்திக்கொண்டு வந்த பஸ் வந்து எனக்குப் பக்கத்திலை நிண்டுது. இருபத்திரண்டு. மூண்டாந்தரம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நாப்பத்தெட்டிலை போனனான். பள்ளிக்கூடப் பிள்ளையள் ஆரும் குறுக்கை வந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு பேந்துதான் யோசிச்சனான். ஆஸ்பத்திரி வாசல்லை நிப்பாட்டி மணிக்கூட்டைப் பாத்தன்.

– எத்தினை?

– இருபத்தொண்டு.

– பின்னை ஏன் அண்ணி இந்தப் பெட்டி?

– இன்னொருக்கா ஓடிப் பாக்க. அந்தக் கமரா இருக்கிற இடம்தான் எனக்குத் தெரியும். மற்றதுகளையும் இது காட்டினா, இடையிலை இன்னும் கூட மிதிக்கலாம், லைசென்ஸும் தப்பும் எண்டு நினைச்சனான்.

– என்னத்துக்கு? என்னைக் கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அண்டைக்கே சொல்லியிருப்பன்.

– உன்ரை வாயாலை எனக்குத் தேவைப்படேல்லை. உன்னிலைதான் பிழை எண்டு எனக்குக் கணக்காத் தெரியவேணும் எண்டுதான் மூண்டு தரமும் ஓடினனான், ஜெராட். ஒருதரமும் உன்னை முந்த ஏலேல்லை.